வயர்லெஸ் அக்காவின் பதினோரு விநாடி

அந்தக் கணினிப் பெட்டியின் இடது பக்கத்தில் ஓர் உள்ளங்கைத் தடம் இருந்தது. மற்ற இடமெல்லாம் கடற்காற்றில் பழுப்பேறி உப்புப் பூத்துக் கிடக்க, அந்தக் கையகல இடம் மட்டும் வழவழவென்று வெளுத்திருந்தது. தினமும் காலையில் அறையைத் திறந்ததும் அக்கா அங்கே கையை வைத்துப் பார்ப்பார். சோற்றுப்பானையின் சூடு ஆறிவிட்டதா என்று பார்க்கிற மாதிரி ஒரு தொடுகை, அவ்வளவுதான். பிறகு "ஓடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவன் நான். படித்த சிரிப்பு.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமம், பெயர் வேண்டாம். சுனாமிக்குப் பிறகு வந்த நன்கொடைகளோடு ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு வயர்லெஸ் செட்டும், படகுகள் பேசுவதைப் பதிவு செய்ய ஒரு பழைய கணினியும் கிடைத்தன. அந்த அறையில் மைக் பிடித்தவர் அக்கா. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் வயர்லெஸ் அக்கா. நானும் அப்படியே கூப்பிட்டேன். தஞ்சாவூரில் கணினி பழுது பார்ப்பது என் தொழில். எங்களுடையது நீடாமங்கலம் பக்கம் நெல் விளைத்த குடும்பம். நான் தலையெடுத்தபோது நிலம் பேச்சில் மட்டும்தான் மிச்சமிருந்தது. கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வஞ்சிரம் ருசியாக இருக்கும் என்பதுதான். யாரோ கைகாட்டிவிட, ரயிலும் பஸ்ஸும் மாறி அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் அக்கா என்னை "சார்" என்றார். அடுத்த வருடம் "தம்பி" ஆனேன்.

அந்தக் கணினியில் ஓடியது விண்டோஸ் 98. குரலைப் பதிவு செய்யும் கார்டு அந்தப் பழைய மதர்போர்டில் மட்டுமே பொருந்தும். அதற்கான மென்பொருள் 98-ல் மட்டுமே ஓடும். அது பதிந்த குரலை அந்தக் கார்டு இல்லாமல் வேறு எங்கும் திறக்க முடியாது. பஞ்சாயத்தார் புதுசு வாங்கிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னார்களாம். அக்கா இதே இருக்கட்டும் என்றாராம். காரணத்தை எனக்கு மூன்றாவது வருடம்தான் சொன்னார். ஒரு புயல் நாளில் மற்ற படகெல்லாம் கரையேறிய பிறகும் அவருடைய கணவர் போன படகு மட்டும் திரும்பவில்லை. அதிலிருந்து கடைசியாக ஒரு அழைப்பு வந்தது. பதினோரு விநாடி. அறையில் அக்கா மட்டும் இருந்தார். படகில் போன மூன்று பேரும் கிடைக்கவில்லை. அந்தப் பதினோரு விநாடி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அமாவாசைக்கு அமாவாசை கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு முறை போட்டுக் கேட்பாராம்.

மைக்கில் புருஷன் பெண்டாட்டி என்றெல்லாம் பேச முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். திறந்த சேனல், அத்தனை படகும் கேட்டுக்கொண்டிருக்கும். கணவர் கூப்பிட்டால் "கரை, கரை" என்பார். இவர் படகின் எண்ணைச் சொல்லிப் பதில் கொடுப்பார். "பேரச் சொல்லிட்டாப் போதும் தம்பி, பத்து போட்டுலேருந்தும் கேலி பண்ணுவாங்க. ஒரு வாரத்துக்கு ஓயாது" என்று சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

ஒரு போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்தால் முடிகிற வேலை. அக்கா வேண்டாம் என்றார். "கையில வச்சுக்கிட்டேன்னா நாள் பூரா அதையேதான் கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம் ரெண்டு புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குறது? இங்க இருக்கட்டும். இங்க இருந்தா மாசத்துக்கு ஒரு தடவ. அதான் அளவு." அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவருடைய பேச்சை மதித்தேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அது மட்டும் இல்லை. அந்தப் பெட்டியைச் சாகவிடாமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. தஞ்சாவூரில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்ள அது ஒரு வித்தை. நகல் எடுத்துவிட்டால் அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

நான் அவருக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான்: பெட்டி நிற்பதற்கு முன்னாலேயே அது நிற்கப்போகிறது என்று சொல்லிவிடுவேன். அதற்கு அதன் நாடியைப் பார்க்க வேண்டும். உள்ளே எவ்வளவு சூடு, ஃபேன் என்ன வேகத்தில் சுற்றுகிறது, ஹார்டு டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள்கள் இன்றைக்குக் கொட்டிக் கிடக்கின்றன. 98-ஐப் பார்த்தால் அவை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பழைய பதிப்புகளை எங்கெங்கோ தேடினேன். யாரோ கைவிட்டுப் போன இணையப் பக்கங்களில் ஒன்றிரண்டு சிக்கின. சி.டி.யில் பதிந்துகொண்டு போவேன், நிறுவுவேன், திரை உறைந்து நிற்கும், திரும்பி வருவேன். நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. மதர்போர்டில் வெப்பத்தை அளக்கும் சில்லின் பெயர் எறும்பு எழுத்தில் இருந்தது; பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் திரையின் மூலையில் எண்கள் வந்தன. நான் துள்ளாத குறை. அக்கா எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

ஹார்டு டிஸ்க் சொன்ன செய்தி நல்லதாக இல்லை. நிறுத்திப் போடும்போது முதல் முயற்சியிலேயே சுற்ற முடியாமல் திணறிய கணக்கு அதில் இருந்தது. வயதான டிஸ்க்குகள் சில அப்படித்தான். சுற்றிக்கொண்டே இருக்கும்வரை சுற்றும், ஒரு முறை நின்று ஆறிவிட்டால் எழுந்திருக்காது. வேறு டிஸ்க்கைச் செருகி நகலெடுப்பதென்றாலும் ஒரு முறை அணைத்தாக வேண்டும். அதனால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றிக் கொடுத்து, 'எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது' என்று என் கையால் எழுதிச் சுவிட்சின் மேல் ஒட்டினேன். வெப்பத்துக்கு மூன்று எண்கள் வந்தன. எது எதன் வெப்பம் என்று மென்பொருள் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் காட்டியது. அதற்குப் பெயர் வைப்பது நம் பொறுப்பு. மூன்றாவதுதான் அதிகமாக இருந்தது, அறுபத்தொன்று. கணினியில் அதிகம் சூடாவது பிராசஸர், ஆகவே மூன்றாவது பிராசஸர் என்று முடிவு கட்டினேன். அது எழுபத்தைந்தைத் தாண்டினால் சிவப்பாகக் காட்டும்படி வைத்தேன். அக்கா ஒரு நோட்டுப் போட்டு, தினமும் மூன்று எண்ணையும் எழுத ஆரம்பித்தார். கையை வைத்துப் பார்ப்பதையும் விடவில்லை.

எண்கள் வந்த அன்றே குரலை ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. புதிதாக நிறுவியதெல்லாம் ஓடும்போது பழைய பதிவு தடங்கலில்லாமல் ஒலிக்கிறதா என்று பார்க்க. ஏதாவது ஒரு பதிவைப் போடுங்கள் என்றேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "இதையே போட்டுப் பாத்துடுங்க தம்பி. இதுக்காகத்தானே இவ்வளவும்" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பதினோரு விநாடி ஓடியது. நன்றாக இருக்கிறது என்றேன். அவரைத் தவிர அதைக் கேட்ட ஒரே ஆள் நான்.

அடுத்த வருடம் கத்திரி வெயிலில் ஒரு காலை, நான் திருக்காட்டுப்பள்ளியில் ஒரு கடையின் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா போன் செய்தார்.

"தம்பி, அந்த மூணாவது எண்ணு செவப்பா காட்டுது. எண்பத்தொன்பதுங்குது."

"ஃபேன் சுத்துதாக்கா?"

"சுத்துது. கைய வச்சுப் பாத்தேன், சூடு ஒண்ணும் அப்படி இல்லீங்களே. எப்பவும் போலத்தான் இருக்கு."

"கைக்குத் தெரியாதுக்கா, அது உள் சூடு. எண்ணு பொய் சொல்லாது. உடனே அணைச்சிடுங்க. அரை மணி கழிச்சுப் போடலாம்."

"அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

"நான்தான் சொல்றேன், அணைங்க."

டிஸ்க்கைப் பற்றிய பயம் எனக்கு வராமல் இல்லை. போர்டு வெந்துபோனால் கார்டும் போகும், டிஸ்க் எப்படியும் ஒரு திணறு திணறிவிட்டு எழுந்துவிடும் என்று கையில் திருப்புளியோடு அரை நிமிடத்தில் கணக்குப் போட்டேன். அரை மணி கழித்து அவர் போட்டார். திரை கறுப்பாகவே இருக்கிறது, உள்ளே டக் டக்கென்று சத்தம் வருகிறது என்றார். இருந்தது இருந்தபடி போட்டுவிட்டு பஸ் ஏறினேன். நான் போய்ச் சேரும்வரை அக்கா பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பெட்டி முழுக்க ஆறிப்போயிருந்தது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன், எதற்கும் டிஸ்க் சுற்றவில்லை. சென்னைக்கு நானே எடுத்துப் போனேன். அங்கே அதைத் திறந்து பார்த்தவர், தட்டு முழுக்கக் கீறியிருக்கிறது, ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லி உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அழவில்லை, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "வெயில்ல வந்திருக்கீங்க சார், தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். மறுபடியும் சார். பெட்டியை நான் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து, பழைய கையேடு ஒன்றைத் தேடிப் பிடித்து, சில்லின் ஒவ்வொரு காலும் எங்கே போகிறது என்று தடம் பார்த்தேன். மூன்றாவது கால் எங்கேயும் போகவில்லை. அதில் எந்தச் சென்சாரும் இணைக்கப்படவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் கடற்காற்றின் ஈரத்துக்கும் உப்புக்கும் ஏற்றபடி ஏறி இறங்கிக்கொண்டிருந்த எண்ணுக்கு நான் பிராசஸர் என்று பெயர் வைத்திருந்தேன். அக்காவின் நோட்டும் பெட்டியோடு என்னிடம் வந்திருந்தது. அன்றைய தேதியில் குண்டு குண்டான எழுத்தில் மூன்று எண்களும் இருந்தன. இரண்டாவதுதான் உண்மையான பிராசஸர், நாற்பத்தாறு. அவர் கை சொன்னது சரி. அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிப் போய்விட்டார்.

அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லப் போகிறேன் என்று மூன்று முறை கிளம்பி, திருவாரூரோடு திரும்பியிருக்கிறேன். இப்போது அந்த அறையில் புதுக் கணினி இருக்கிறதாம். எத்தனை சூடு, எத்தனை வேகம் என்று அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதாம், என்னைப் போன்ற ஆள் தேவையில்லை. அக்கா இன்னும் மைக்கில் இருக்கிறார். மூத்த பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்று கேள்விப்பட்டேன். பத்திரிகை வரவில்லை. எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது?

போன ஆடி அமாவாசையன்று காலை, இத்தனை வருடத்துக்குப் பிறகு, என் போனில் 'வயர்லெஸ் அக்கா' என்று வந்தது. எடுத்தேன். சௌக்கியம் விசாரித்தார், வீட்டில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பின்னால் படகுகள் பேசிக்கொள்ளும் இரைச்சல் கேட்டது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னிக்கு அத ஒரு தடவ கேட்டீங்கல்ல?"

"கேட்டேங்க்கா."

"எனக்குக் கொஞ்ச நாளா கொழப்பமா இருக்கு. காத்து மாறிடுச்சு, வலைய வெட்டிவிட்டுட்டு வர்றோம்னு சொன்னாங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் கடைசியா, கரைன்னு கூப்பிட்டாங்களா, எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களா? எம்பேரச் சொன்ன மாதிரியே இருக்கு தம்பி. நானா நெனச்சுக்கிறேனான்னும் தெரியல. வேற யாருகிட்ட போய்க் கேக்க?"

அந்தப் பதினோரு விநாடியும் நான் திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் ஓடும்போது எண்கள் ஏறுகின்றனவா என்று கவனித்தேன். அறுபத்தொன்று அறுபத்திரண்டு ஆகி மறுபடி அறுபத்தொன்று ஆனது. அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதரின் குரல் தடிப்பா மெலிசா என்றுகூடச் சொல்லத் தெரியாது.

"உங்க பேரத்தான் சொன்னாருக்கா" என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சா தம்பி?" என்றார்.

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்பச் சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. அக்காவின் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அதைக் கேட்டதில்லை.