கம்ப்யூட்டர் அறைக்குள் உஷாராணி நுழைந்தது

உஷாராணி டீச்சருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜனக்புரியில் வீடு. தெற்கு தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியை. பாடம் சமூக அறிவியல். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். காலையில் தத்கால் திறந்ததும் நாடே முட்டி மோதும் அந்த இரண்டு நிமிடத்தில், கைபேசியில் நான்கு பேரின் பெயர், வயது, கீழ்ப்படுக்கை எல்லாம் போட்டு, பணமும் கட்டி முடித்துவிட்டுக் குக்கரை இறக்குவார். அப்படிப்பட்டவர் பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிவந்த ஒரு வாக்கியம்: "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுப்பா."

அவரை அப்படி நம்பவைத்தது பள்ளிதான். அங்கே கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு. பள்ளியில் ஏசி இருந்த ஒரே அறை. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றினாலும் உள்ளே போக முடியாது. உள்ளே போகும் உரிமை சுந்தரேஷ் என்ற ஆபரேட்டருக்கு மட்டும். ஆசிரியர்கள் மதிப்பெண் தாளுடன் வாசற்படிக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். சுந்தரேஷ் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்வார். சற்று நேரம் கழித்து அச்சடித்த தாள் பிரசாதம்போல வெளியே வரும். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். எம்.ஏ., எம்.எட். படித்தவர்கள் நின்றார்கள். ஏன் நிற்கிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்மவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் முதலில் அதற்கு ஒரு கருவறை கட்டுவார்கள். அடுத்த வேலையாக, யார் உள்ளே வரக்கூடாது என்று முடிவு செய்வார்கள்.

போன கோடையில் ஆசிரியர்களுக்கு அடிப்படைக் கணினிப் பயிற்சி நடந்தது. ஒரு வாரம். கம்ப்யூட்டர்களை உறை போட்டு மூடி வைத்துவிட்டு, கரும்பலகையில் பாடம் நடத்தினார்கள். விசைப்பலகையின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். மவுஸ் என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, மூன்று பயன்கள் தருக. கடைசி நாளில் பேனாவால் பரீட்சை. உஷாராணிக்கு முதல் ரேங்க். எந்த மவுஸையும் தொடாமலே மவுஸைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். பள்ளிச் செயலாளர் ராமசுப்ரமணியன் மகிழ்ந்துபோய் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு நடைக்கூடத்தில் மாட்டினார். நூற்றுக்கு நூறு ஆசிரியர்கள் கணினி அறிவு பெற்ற பள்ளி என்று வாசலில் பலகையும் வைத்தார்.

ஆயுத பூஜை வந்தது. அன்று பள்ளி அரை நாள். சுந்தரேஷ் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, மாலை போட்டு, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு மனைவி மக்களோடு ஹரித்வார் கிளம்பிவிட்டார். மறுநாள் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாது.

மதியம் சுண்டல் வாங்க நின்றிருந்த அனன்யா, டீச்சரிடம் வந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்தபோது வீடு போய், இப்போது தில்லியின் கோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

"மிஸ், பரீட்சைக்குப் பேர் பதிஞ்சாச்சுன்னு எல்லார் வீட்டு போனுக்கும் மெசேஜ் வந்திருச்சாம். எங்கப்பாவுக்கு வரலை."

உஷாராணி சுந்தரேஷுக்கு போன் போட்டார்.

"ஆமா மேடம், அந்தப் பொண்ணு அட்ரஸ் மாறிடுச்சில்ல. செக்ரட்டரி சாரைக் கேட்டுப் போடலாம்னு தனியா வச்சேன். மறந்தே போச்சு."

"கடைசி நாள் எப்போ?"

"அது... இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி."

செயலாளர் அறையில் ராமசுப்ரமணியன் சுண்டலை முடித்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"பூஜை பண்ணி வச்சிருக்கு. இன்னிக்குப் போய் எப்படிம்மா? அதுவும் சுந்தரேஷ் ஊர்ல இல்ல. ஒரு பொண்ணுதானே, அடுத்த வருஷம் எழுதட்டுமே."

ஊருக்கெல்லாம் சாக்கடை அள்ளிய குடும்பத்தின் வீட்டை ஒரு காலையில் இடித்தாகிவிட்டது; பெண்ணின் ஒரு வருஷத்தை ஒரு மதியத்தில் இடிப்பதா பெரிய காரியம்?

"சரஸ்வதி கோவிச்சுப்பாளா சார்?"

"பின்ன?"

"ஒரு பொண்ணைப் பரீட்சை எழுத விடாததுக்குக் கோவிச்சுக்க மாட்டாளா? சாவியைக் கொடுங்க. நான் பண்றேன்."

"நீயா? உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"வெளியில நீங்கதானே சார் சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க."

ராமசுப்ரமணியன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பயிற்சி வெறும் நாடகம் என்று சொன்னால் வாசலில் உள்ள பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். சாவியைக் கொடுத்தார்.

உஷாராணி செருப்போடு உள்ளே போனார். அனன்யா தயங்கினாள். "வா," என்றார். செயலாளர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

முதல் சிக்கல், கம்ப்யூட்டரை எப்படிப் போடுவது என்பது. ஒன்றரைப் பக்கத்தில் அது இல்லை. திரையில் இருந்த பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது, படம் வரவில்லை.

"முதல் ரேங்க்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

உஷாராணி யோசித்தார். மிக்ஸி ஓடாவிட்டால் வீட்டில் என்ன செய்வோம்? வயரைப் பிடித்துக்கொண்டே போவோம். சுவரிலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். மாலை போட்ட ஒரு பெட்டி. நெற்றியில் எட்டணா அகலத்துக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். முந்தானையால் துடைத்தார். பொட்டுக்கு அடியில் இருந்தது சுவிட்ச்.

"ஐயோ, அழிச்சுட்டியே," என்றார் செயலாளர். பெட்டி உறுமியது.

அடுத்து, கடவுச்சொல். மறுபடி சுந்தரேஷ்.

"அதைச் சொல்ல முடியாது மேடம். ரகசியம்."

"அப்ப நானே வரிசையா ஒண்ணொண்ணா அடிச்சுப் பார்க்கிறேன்."

"வேணாம் மேடம், வேணாம், லாக் ஆயிடும். சொல்றேன். ஒண்ணு."

"ம்."

"ரெண்டு."

"ம்."

"மூணு."

"நாலு, அஞ்சா சுந்தரேஷ்?"

ஹரித்வார் சாலையில் ஹார்ன்கள் அலறின. "எட்டு வரைக்கும் மேடம்," என்றார் மெதுவாக.

தேர்வு வாரியத்தின் பதிவுப் பக்கம் திறந்தது. பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் கலியன். உஷாராணிக்குச் சிரிப்பு வந்தது. தத்கால்தான் இது. கீழ்ப்படுக்கை கேட்கவில்லை, அவ்வளவே. முகவரியில் நரேலா என்று அடித்தார். இணையதளம் ஒரு முறைப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மனிதர்களுக்குத்தான் அந்த முகவரி உறுத்தியது.

அனன்யாவைச் சுவரோரம் நிறுத்திக் கைபேசியில் படம் எடுத்து, தன் மெயிலுக்கு அனுப்பிக் கம்ப்யூட்டரில் இறக்கி ஏற்றினார். படம் மிகப் பெரிது என்று திருப்பித் தள்ளியது. மணி நாலரை.

வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பது, குடும்பக் கல்யாணப் படங்கள் மங்கிப்போய் வந்த கோபத்தில் அவர் கற்றது.

"சார், உங்க போனுக்கு ஒரு படம் வரும். அதை அப்படியே எனக்கு ஃபார்வர்டு பண்ணுங்க."

"ஃபார்வர்டா? அது நன்னாத் தெரியும்," என்றார் தினமும் காலையில் இருநூறு பேருக்குப் பூங்கொத்து அனுப்பும் செயலாளர். சுருங்கிய படம் நொடியில் திரும்பி வந்தது. அதை மெயில் வழியாக இறக்கி ஏற்றினார். இந்த முறை ஏற்றுக்கொண்டது. தான் படிதாண்டி உள்ளே வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பதை ராமசுப்ரமணியன் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பேர் சரியா இருக்கா, படிச்சுப் பாரு," என்றார் உஷாராணி. அனன்யா இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையாட்டினாள். கடைசிப் பொத்தானை அவளையே அமுக்கச் சொன்னார். பதிவெண் வந்தது.

கொஞ்ச நேரத்தில் உஷாராணியின் கைபேசி அடித்தது. கலியன்.

"மிஸ், ஏதோ மெசேஜ் வந்திருக்கு. இங்கிலீஷ்ல இருக்கு. நம்ம பாப்பா பேரு தெரியுது. ஏதாச்சும் பிரச்சனையா?"

"இல்லீங்க. உங்க பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போறான்னு போட்டிருக்கு."

"அதான் தெரியுமே மிஸ்," என்றார் கலியன். "இதையா மெசேஜ் போட்டுச் சொல்றாங்க?"