காலியில் பார்க்க வேண்டிய இடங்கள்

இடம் பார்க்கப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் ஒருமுறை போனவன் என்பதால் பிடிக்காது.

எங்கள் ஊருக்கு ரயில் வராத காலம். தண்டவாளம் எங்கோ காட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அதுவரை கொழும்பு என்பது கடல்வழியே போய்ச் சேரவேண்டிய ஒரு பேச்சு. தீவைச் சுற்றி ஓடும் நீராவிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே, முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு அப்பால், உள்ளே வர மனமில்லாத விருந்தாளியைப் போல நங்கூரமிட்டு நிற்கும். வள்ளத்தில் போய் ஏறவேண்டும். வாடைக்காற்று அடங்கிப் பங்குனி பிறந்துவிட்டால் கடல் எண்ணெய் தடவிய பலகையாகக் கிடக்கும். அப்படி ஒரு பங்குனியில்தான் என் மனைவியின் அண்ணன் உல்லாசப் பயணம் போவதென்று முடிவெடுத்தார்.

அவர் போடியார். பெரிய வயல்காரர். மாட்டின் காதசைவை வைத்து மழை வருமா என்று சொல்லிவிடுவார். அந்த வருட வேளாண்மை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தது. யாரோ அவருக்குப் படம் போட்ட நாட்காட்டி ஒன்றைக் கொடுத்துத் தொலைத்தார்கள். படத்தில் கண்டி வாவி. அன்றோடு மனிதர் கெட்டார். கல்முனைப் பக்கம்வரை நீண்டு, படுத்துப் புரண்டு, வானத்தையே இரண்டாக்கிக் காட்டும் எங்கள் வாவியின் கரையில் பிறந்தவர். பாடுமீனின் பாட்டைக் கேட்க எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத்தான் கண்டி அரசன் வெட்டிய குளத்தைப் பார்க்கவேண்டுமென்று வேட்கை.

திட்டம் இதுதான். கப்பலில் தெற்கே காலித் துறைமுகம், காலியில் ஒரு பகல். பிறகு கொழும்பு, கண்டி என்று சில நாட்கள். அதே கப்பலில் அதே வழியே திரும்பி வருவது. போகிறவர்கள் மூன்று பேர்: போடியார், என் மனைவி, நான். போடியாரின் மனைவி கடலைக் கண்டாலே வாந்தியெடுப்பவர், அவர் புத்திசாலி.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கவிதைபோல ஏதோ எழுதுகிறவன் என்ற கெட்ட பெயரும் உண்டு. அதனால் பயணத் திட்டம் எழுதும் வேலை எனக்கு வந்தது. முழுத்தாள், சிவப்பு மை, நீல மை, அளவுகோல். என்னென்ன நாளில், எத்தனை மணிக்கு, எதை எவ்வளவு நேரம் பார்ப்பது. இப்போது நினைத்தால் அந்தத் தாளைக் கிழித்து வாயில் போட்டு மெல்லலாம் போலிருக்கிறது. அப்போது எவ்வளவு பெருமையாக எழுதினேன்!

இதற்கிடையில் காலி நகரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். என் மனைவியின் தங்கை அங்கேதான் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு வந்து ஏறுவான். நானும் அப்படி ஏறியவன்தான். மனைவியின் தங்கைக்கும் ஒரு வீடு கட்டி, ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து அப்போதிக்கரியைப் பார்த்துப் பேசிக் கட்டிவைத்தவர் அண்ணன்தான். அப்போதிக்கரிக்குக் காலிக்கு மாற்றம் வந்தது. அவர் போய் வேலை செய்யட்டும், விடுமுறைக்கு வரட்டும், நீ உன் வீட்டில் இரு என்றார் அண்ணன். அவள் கேட்கவில்லை. கணவனோடு கப்பலேறிவிட்டாள். பெண்டாட்டி புருஷனோடு போனாள். உலகத்தில் வேறெங்கும் இதைக் குற்றம் என்று சொல்ல ஓர் ஆளைக் கூலிக்குக்கூடப் பிடிக்க முடியாது. எங்கள் வீட்டிலோ ஏழு வருடமாக அவள் பெயர் எடுக்கப்படவில்லை.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அக்காள் அதைக் கண்டதில்லை. அக்காள் கப்பலுக்குச் சம்மதித்தது கண்டிக் குளத்துக்காகவா என்ன!

ஒரு மாலை போடியார் ஏறாவூர் வியாபாரி ஒருவரைக் கூட்டிவந்தார். புடவை எடுக்க அடிக்கடி கொழும்புக்குக் கப்பலில் போய்வருகிறவர். இருமலும் வேடிக்கையும் கலந்த பேச்சு. நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். மனைவி தேநீர் வைத்துவிட்டு, அடுப்பெரியும் குசினி வாசலில் நின்றாள்.

"காலியில கப்பல் விடியக்காலம நிண்டா, பின்நேரம் நாலு மணிக்குத்தான் நங்கூரம் இழுக்கும் போடியார். பகல் முழுக்க ஒங்கட கையில," என்றார் வியாபாரி.

"பாக்க என்ன இருக்கு அங்க?"

"கோட்டை இரிக்கு. வெளிச்சவீடு இரிக்கு. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையிலதானே ஒங்கட தங்கச்சிட வீடு! போன முறையும் புட்டும் தேத்தண்ணியும் தராம உடல்ல. புள்ள நல்ல சுட்டி. என்னக் கண்டா 'மட்டக்களப்பார் வந்திட்டார்' எண்டு ஒழுங்கை முழுக்கச் சத்தம் போடும்."

குசினி வாசலில் கதவுநிலை கிறீச்சிட்டது. போடியார் தேநீரைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"கோட்டைய எவ்வளவு நேரம் பாக்கலாம்?"

"அது பாக்கிறவனப் பொறுத்தது. நான் ஒருநாளும் பாத்ததில்ல. அதுக்குள்ளால நடந்துதான் போயிரிக்கன்."

"ஒரு மனிசன் அவசரமில்லாம, ஆறுதலாப் பாத்தா?"

வியாபாரி போடியாரைப் பார்த்தார். குசினி வாசலைப் பார்த்தார். கடையில் ஆயிரம் முகம் பார்த்தவர். "ஆறுதலாப் பாத்தா," என்றார், "பின்நேரம் நாலு மணிவரைக்கும் பாக்கலாம்."

"எழுதுங்க மச்சான்," என்றார் போடியார் என்னிடம்.

எழுதினேன். காலை, கோட்டைச் சுவர். அடுத்து, ஒல்லாந்தர் கட்டிய வேதக்கோயில். அடுத்து, வெளிச்சவீடு. மறுபடி, கோட்டைச் சுவரின் மறுபக்கம். 'அலைகள் ஆர்ப்பரிக்கும் அரண்மீது உலா' என்று ஓரத்தில் ஒரு வரியும் சேர்த்தேன். வெயில் மண்டையைப் பிளக்கும் இடத்தில் உலாவாம்! மட்டக்களப்பிலும் ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது. அரசாங்க அலுவலகமான கச்சேரியே அதற்குள்தான். போடியார் காணி அலுவலாக வருடம் நாலுமுறை அதற்குள் போய்வருவார், ஒருமுறையாவது அண்ணாந்து பார்த்திருப்பாரா? முகத்துவாரத்தில் வெளிச்சவீடும் இருக்கிறது. ஊரில் இருப்பதையெல்லாம் பார்க்கக் கடல் கடந்து போகிறோம்; ஊரில் இல்லாத ஒருத்தியை மட்டும் பார்க்கக்கூடாது.

மறுநாள் காலை மனைவி அந்தத் தாளை எடுத்து வாசித்தாள். எழுத்துக்கூட்டி, மெதுவாக.

"இஞ்ச பாருங்க, இவ்வளவு எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு வரி எழுத ஏலாதா? ஒரு மணித்தியாலம் போதும். அவள்ட வீட்டு வாசல்ல நிண்டு புள்ளயப் பாத்திட்டுக் கிறுகி வந்திருவன்."

"அண்ணனோட கதைச்சுப் பாக்கலாம்," என்றேன். "அவர்ட பயணம்தானே."

"அவர்ட பயணமா? சரி. நீங்க படுத்தெழும்புற வீடு ஆர்ட?"

வீடு அவளுடையது. வளவு அவளுடையது. கிணறு, தென்னை, நான் சாய்ந்து கவிதை எழுதும் கதிரை எல்லாம் அவளுடையவை. இத்தனைக்கும் உரிமைக்காரிக்கு ஒரு மணித்தியாலம் இல்லை. நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். நீல மையா சிவப்பு மையா என்று யோசித்ததாகப் பாவனை செய்தேன். அவள் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கப்பலுக்குத் தயிர்ச்சட்டிகளும் அரிசிமாவும் கட்டினாள். "கப்பல்ல தின்ன இவ்வளவா?" என்றார் அண்ணன். "பசிக்கும்," என்றாள்.

கப்பலில் போடியார் கண்டதெல்லாம் தண்ணீர். வெளியே போவார், "கடல்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே வருவார். என் மனைவி மட்டும் கம்பியைப் பிடித்தபடி, பிடித்தபடி, பிடித்தபடி நின்றாள். கரை தேய்ந்து கோடாகி, கோடு தேய்ந்து நிறமாகி, நிறமும் போன பிறகும் நின்றாள். அவள் பார்த்தது பின்னால் போன ஊரையல்ல. நான் அவள் பக்கத்தில் நின்று கடலுக்கு உவமைகள் தேடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் கூசுகிறது.

காலியில் இறங்கியதும் போடியார் தாளை விரித்தார். சால்வையை மடித்துத் தோளில் போட்டு, செருப்புச் சத்தம் கேட்க நடந்தார். கோட்டைச் சுவரில் ஏறினோம். கல். இன்னும் கல். கல்லுக்கு அப்பால் கடல். இரண்டு நாளாகப் பார்த்த அதே கடல். "எவ்வளவு நேரம் போட்டிருக்கு?" என்று கேட்டார். "ஒரு மணித்தியாலம்," என்றேன். கால் மணி நேரத்தில் அவருக்குக் கோட்டை முடிந்துவிட்டது. ஆனாலும் எழுதியது எழுதியதுதான் என்று முகத்தில் வியர்வை வழியக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒல்லாந்தர் கோயிலில் தரையில் புதைத்த கல்லறைகளை மிதிக்காமல் கால்மாற்றிக் கால்மாற்றி நடந்தார். தன் வரப்பில்கூட இவ்வளவு கவனமாக நடந்து நான் கண்டதில்லை. மனைவி தயிர்ச்சட்டி ஒன்றைத் துணியில் கட்டித் தூக்கியபடி பின்னால் வந்தாள். அதைக் கப்பலில் ஏன் வைக்கவில்லை என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வெளிச்சவீட்டுக்கு வந்தோம். போடியார் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கழுத்தை இறக்கியபோது மனைவி எங்கள் பின்னால் இல்லை. பக்கத்து ஒழுங்கையில், வாசலில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சோனகப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் கையை நீட்டி ஒரு கதவைக் காட்டினாள். மனைவி நடந்தாள். ஓடவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

"மச்சான், அவளக் கூப்பிடுங்க," என்றார் போடியார்.

நான் கூப்பிடவில்லை. அவளோடு போகவுமில்லை. ஒழுங்கைக்கும் வெளிச்சவீட்டுக்கும் நடுவே நட்ட கம்பு மாதிரி நின்றேன். இதைத் துணிவு என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. துணிவாவது! நின்றேன், அவ்வளவுதான்.

உள்ளிருந்து ஒரு கத்தல் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத, இரண்டு பெண்களின் கத்தல். வெகுநேரம் கழித்துத் தங்கை வெளியே வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். இடுப்பில் குழந்தை, குழந்தையின் வாயில் தயிர்.

"அண்ண, அக்கா கொழும்புக்கு வரல்லயாம். கப்பல் கிறுகி வரக்குள்ள ஏறுவாவாம். அதுவரைக்கும் இஞ்சதான். வந்து இருங்களன், சோறு வெந்திட்டு."

போடியார் வெளிச்சவீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "நேரமில்ல. இன்னும் ஒரு இடம் கிடக்கு."

"ஏன் அண்ண, நம்மட முகத்துவாரத்து வெளிச்சவீடு உழுந்திட்டா? இதப் பாக்கவா இவ்வளவு தூரம்?"

குழந்தை அவரை உற்றுப் பார்த்தது. "இவர் ஆரு?" என்று தாயின் காதில் ஊருக்கே கேட்கும்படி கேட்டது.

"மாமா," என்றாள் தங்கை. "இடம் பாக்க வந்தவர்."

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிச்சக் கோட்டையைப் பார்க்கப் போனார். நான் அவர் பின்னால் போனேன். சோறு வெந்த மணம் ஒழுங்கை முனைவரை கூடவே வந்தது. நாங்கள் சுவரின் மறுபக்கத்தில், கொதிக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து, கையில் கொண்டுவந்த பணியாரத்தைத் தின்றோம்.

கொழும்பைப் பார்த்தோம். மியூசியத்தில் செத்த மிருகங்கள் எங்களைப் பார்த்தன. ரயிலில் கண்டிக்குப் போனோம். நாட்காட்டியில் இருந்த அதே வாவி, அதே சுவர், அதே மரம். போடியார் கரைக்கட்டில் உட்கார்ந்தார். தாளில் அதற்கு மாலை முழுவதையும் ஒதுக்கியிருந்தேன். 'அமைதி தவழும் நீர்ப்பரப்பு' என்று வேறு எழுதியிருந்தேன்.

"குளம்," என்றார்.

தண்ணீரில் ஓர் ஆமை தலை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, தேறாது என்று நினைத்ததுபோல் உள்ளே போயிற்று.

"மச்சான்."

"ஓம்."

"அந்தப் புள்ளட பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. மனைவிக்குத் தெரியும், வியாபாரி வந்து சொல்லியிருப்பார். நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று ஒழுங்கையில் பத்தடி தூரத்தில் நின்றும் கேட்கவில்லை. மாமன் ஒருவர், பெரியப்பன் ஒருவன். ஒல்லாந்தர் கோயில் தரையில் கிடந்த செத்தவர்களின் பெயர்களையெல்லாம் குனிந்து வாசித்துவிட்டு வந்திருந்தோம்.

"தெரியாது மச்சான்," என்றேன்.

"நீங்க எழுதுற ஆள். கேட்டிருக்க வேணாமா?" என்று சீறினார். சீறிய பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. கால் பெருவிரலால் தரையைக் கீறினார். என் சட்டைப்பையில் மடித்திருந்த தாளைக் கண்ணால் காட்டினார்.

"கிறுகிப் போகக்குள்ள காலிக்கு என்ன போட்டிருக்கு?"

"ஒண்டும் போடல்ல. கப்பல் நிக்கும். அவவை ஏத்திறதுதான்."

"கோட்டையப் போடுங்க."

"கோட்டையத்தான் பாத்தாச்சே மச்சான்."

"அண்டைக்கு வெயில். நான் ஒழுங்காப் பாக்கல்ல." அவர் குளத்தைப் பார்த்தபடி சொன்னார். "வெளிச்சவீட்டையும் போடுங்க. அதுக்குக் கிட்டப் போய்ப் பாக்க வேணும்."

"எத்தனை மணிக்கு?"

"கப்பல் நிண்ட உடன."

தாளை முழங்காலில் விரித்தேன். நீல மை, சிவப்பு மை எதுவும் கையில் இல்லை. பென்சில்தான் இருந்தது. அலைகளும் ஆர்ப்பரிப்பும் இல்லாமல், 'வெளிச்சவீடு' என்று மட்டும் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் போடுங்க," என்றார். "சோத்துக்கு நிக்கச் சொல்லுவாள்."