அம்மாவின் தோளிலிருந்த தழும்பு

நினைவு மலர்களில் மறைந்தவர்கள் எல்லோரையும் பொறுமையின் இருப்பிடம் என்று எழுதுவது வழமை. எங்கள் அம்மாவுக்குப் பொறுமை இருந்ததாக எனக்கு நினைவில்லை. போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பொறுமை என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

அம்மா கட்டைபறிச்சானில், வயலும் மாடும் நிறைந்த வீட்டின் மூத்த மகளாகப் பிறந்தார். வேலைக்கு வருகிறவர்கள் பின்வாசலால் வந்து, பின்வாசலிலேயே சாப்பிட்டுப் போகும் வீடு அது. மணமுடித்து, என்னையும் தம்பியையும் பெற்று, ஏவினால் செய்ய ஆட்களோடு அதே வீட்டில் வாழ்ந்தார். ஷெல்லடிக்கு ஊரே வெளிக்கிட்டபோது, மாடுகளை அவிழ்த்துவிடப் போன அப்பா திரும்பி வரவில்லை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்தார்.

உப்புவெளியில், துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஐயா ஒருவரின் வீட்டில் அம்மாவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. வளவு மூலையில் ஒரு கொட்டில் தந்தார்கள். எங்கள் பொலிஸ் பதிவும் அந்த வீட்டு விலாசத்தில்தான். அதைவிட்டு வெளிக்கிட்டால் சோதனைச் சாவடியில் சொல்ல விலாசம் இல்லை. ஊருக்குத் திரும்பவும் பாதை இல்லை. அவர்கள் நல்ல மனிதர்கள் என்றே எல்லோரும் சொல்வார்கள். நானும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் குசினிப் பக்கத்தால்தான் போய்வர வேண்டும், கதிரையில் உட்காரக் கூடாது, நிலத்தில்தான், எங்களுக்கென்று வேறு கோப்பை. இதையெல்லாம் எவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு இரண்டு வாசல். ஷெல்லுக்குப் பதுங்க வளவில் வெட்டிய பங்கருக்கு ஒன்றுதான். ஐயாவின் மனைவிக்கு அது பெரிய சிக்கலாகப் போய்விட்டது. அவரை நாங்கள் எல்லோரும் மாமி என்போம். மாமி யோசித்துப் பார்த்து, பங்கரின் நடுவே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினார். விரிப்புக்கு அந்தப் பக்கம், ஆழத்தில், அவர்கள். இந்தப் பக்கம், வாசலோடு, நாங்கள். வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு அப்போது வரவில்லை.

ஒரு பின்னேரம் ஷெல் கிட்டக்கிட்ட விழத் தொடங்கியது. வாசலால் மண் வந்து கொட்டியது. அம்மா விரிப்பைப் பார்த்துக் கேட்டார்.

"மாமி, சின்னவனை மட்டும் உள்ளுக்கு எடுங்கோ."

"இடமில்லைப் பிள்ளை. பெட்டியள் கிடக்கு."

"மடியில எண்டாலும் வச்சிருங்கோ மாமி."

விரிப்பு அசையவில்லை. அம்மா என்னைச் சுவரோடு தள்ளிவிட்டு, தம்பியைக் கிடத்தி, அவன் மேலே கவிழ்ந்து படுத்தார். அடுத்த ஷெல்லின் துண்டொன்று அம்மாவின் இடது தோளில் ஏறியது. விரிப்பு விலகியபோது பார்த்தேன். தம்பி இருக்கக்கூடிய இடத்தில் இரண்டு சூட்கேசுகள் இருந்தன.

ஐயா தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருக்கையில் சாக்கை விரித்துவிட்டுத்தான் ஏற்றினார். காயம் ஆறுவதற்கு முன்னரே அம்மா அதே குசினியில் ஒரு கையால் வேலை செய்துகொண்டு நின்றார்.

"ஏனம்மா இன்னும் இஞ்ச இருக்கிறம்?" என்று கேட்டேன்.

"எங்க போறது, நீ சொல்லு பாப்பம்?"

அந்த வளவில் இன்னும் பல வருடங்கள் இருந்தோம். அதே பங்கர், அதே வாசலடி, அதே விரிப்பு. அந்த விரிப்பைத் தோய்த்துக் காயப்போடுவதும் அம்மாவின் வேலைதான்.

அம்மாவின் தோளிலிருந்தது கொதிகஞ்சி பட்ட தழும்பு என்றே உறவுகள் அறிவீர்கள். அம்மா அப்படித்தான் சொல்லிவந்தார். சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில், ஏன் அந்தப் பொய் என்று கேட்டேன்.

"ஊரில வெள்ளாமை வெட்ட வந்த பொம்பிளை ஒருத்தி, மழைக்குள்ள கைக்குழந்தையோட வந்து, விறாந்தையில நிக்கட்டோ எண்டு கேட்டவள். நெல்மூட்டை கிடக்கு, இடமில்லை எண்டு நான்தான் சொன்னனான். பிறகு மாமியை நான் என்னெண்டு குறை சொல்லுறது?"

எனக்குக் கோபம் வந்தது. மாமி மேலா, அம்மா மேலா என்று இன்றும் தெரியவில்லை. தம்பியின் உழைப்பில் கட்டிய எங்கள் சின்ன வீட்டில், யார் படலையைத் திறந்தாலும் "உள்ளுக்கு வாங்கோ, இடமிருக்கு" என்று அம்மா ஏன் அப்படி அவசரப்பட்டார் என்பது மட்டும் விளங்கியது.

இறுதிக் கிரியையன்று மாமியும் வந்தார். வீடு நிறையச் சனம். ஊன்றுகோலோடு வாசலில் நின்று, "உள்ளுக்கு வரலாமோ பிள்ளை?" என்றார். அத்தனை வருடமாகச் சேர்த்துவைத்த பதில் என் நாக்கில் இருந்தது. அம்மாவின் சொல்லும் இருந்தது. எழும்பி என் கதிரையைக் கொடுத்தேன்.

அம்மாவைப் பிள்ளைபோல் பார்த்த தாதிமாருக்கும், கிளினிக்குக்குத் தன் வானில் ஏற்றிப்போன குறிஞ்சாக்கேணி நானாவுக்கும், அன்று எங்கள் அடுப்பு எரியாதபடி சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், முற்றத்தில் வெயிலில் நின்ற உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

வெள்ளாமை வெட்ட வந்த அந்தப் பெண்ணுக்கும் இந்த மலரின் பிரதி ஒன்று போய்ச் சேரவேண்டும் என்று விரும்பினேன். அவருடைய பெயரை அம்மாவிடம் அப்போதே கேட்டிருந்தேன்.

"நான் கேக்கேல்லப் பிள்ளை" என்றார் அம்மா.