ஆண்டவர் அனுப்பிய கஞ்சி அண்டா

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, போன வருடம் ஆடி மழையில், ஒரு காலை வேளை, நான் ஓர் அண்டாவுக்காக அழுதேன். சிரிக்காமல் கேளுங்கள்.

ஹேவாஹெட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் அம்மாமார் சேர்ந்து பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சி காய்ச்சுகிறோம். கரண்டி பிடிப்பவள் நான். சிவப்பரிசி, பாசிப்பயறு, தேங்காய்ப்பால், கை நிறைய முருங்கைக்கீரை. இடைவேளைக்கு அவித்த கடலையோ வாழைப்பழமோ கொடுப்போம். மேல் டிவிஷன், அதாவது தோட்டத்தின் மேல் பகுதிப் பிள்ளைகள், வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் மலை இறங்கி வருவார்கள். முன்பெல்லாம் காலைக் கூட்டம் முடிவதற்குள் யாராவது ஒரு பிள்ளை மயங்கி விழும். கஞ்சி வந்த பிறகு அது நின்றது.

அன்று கஞ்சி கொதிக்கும்போதே அண்டாவின் தேய்ந்த அடி ஓட்டையாகி, அத்தனை கஞ்சியும் அடுப்புக்குள் கொட்டி நெருப்பை அணைத்துவிட்டது. பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் நின்று என்னையே பார்த்தார்கள். இரண்டாம் வகுப்பு கவிதாதான், "பரவால்ல ஆன்ட்டி, நாளைக்கு குடிச்சிக்கிறோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அப்போதுதான் அழுதேன்.

அவள் சொன்ன நாளைக்கும் கஞ்சி இல்லை. வீட்டுச் சட்டிகளில் காய்ச்சிப் பார்த்தோம். ஒன்று தீய்ந்தது, ஒன்று வேகவில்லை, பாதிப் பிள்ளைகளுக்கு எட்டவும் இல்லை. அந்த வாரமே மேல் டிவிஷன் பிள்ளைகள் குறைந்தார்கள். கவிதாவும் வரவில்லை. இனி அவ்வளவுதான் என்று மனம் உடைந்துபோனேன்.

தோட்டத்துக் கோயில் தலைவரிடம் போய்க் கோயில் அண்டாவைக் கேட்டேன். நல்ல மனிதர். "அது அம்மனுக்குக் கூழ் காய்ச்சுறதுக்குன்னு நேந்து விட்ட அண்டாங்க. வேற எதுக்கும் அடுப்புல ஏத்த மாட்டோம். கோவிச்சிக்காதீங்க" என்றார். நேர்ந்ததை நேர்ந்தபடி வைத்திருப்பவரிடம் என்ன கோபம்?

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். கடையில் சாமான் சொல்வதுபோல ஆண்டவரிடம் ஒழுங்காகச் சொன்னேன்: பெரிய அண்டா, கனமான அடி, இரண்டு கைபிடி, மூடியும் வேண்டும். கண்டியில் இருக்கும் நம்முடைய பெரிய சபைதான் அனுப்பும் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன். பஸ் வரும் நேரமெல்லாம் ரோட்டு வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. அண்டா வரவில்லை.

சனிக்கிழமை பஜாருக்குப் போனேன். வழக்கமாகப் பயறு வாங்கும் கடையின் முதலாளி பாரூக் நானா கேட்டார்.

"என்ன தங்கச்சி, பயறு எடுக்காமப் போறீங்க? புள்ளைகளுக்கு லீவா?"

சொன்னேன்.

"அட, இதுக்கா இவ்வளவு கவல? எங்கட பள்ளிவாசல்ல நோம்புக் கஞ்சி அண்டா சும்மா கவுத்து வச்சிருக்கு. நோம்பு வார வரைக்கும் அதுக்கு என்ன வேலை?"

துள்ளிய மனம் அடுத்த நிமிடமே விழுந்தது. நோம்புக் கஞ்சிக்கு மாட்டிறைச்சி போடுவார்கள். எங்கள் பிள்ளைகளில் அநேகர் இந்துக்கள். மாட்டிறைச்சி வெந்த அண்டா என்றால் தாய்மார் ஒரு மடக்கும் குடிக்க விடமாட்டார்கள். மறைத்துக் கொடுக்கவும் எனக்கு மனம் வராது. இதை அந்த நல்ல மனிதரிடம் எப்படிச் சொல்வது?

நானாவே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "யோசிக்காதீங்க. இறைச்சி போடுற அண்டா வேற. அக்கம்பக்கத்துச் சனத்துக்குக் குடுக்க, இறைச்சி இல்லாமக் காய்ச்சுறதுக்கெண்டே தனியா ஒண்டு இருக்கு. எங்கட வாப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்."

நான் ஜெபிக்கத் தொடங்குவதற்கு எத்தனையோ வருடத்துக்கு முன்பே பதில் தயாராகி, பள்ளிவாசலில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது! கடை வாசலிலேயே ஆண்டவரைத் துதித்தேன். நானாவும் தன் பங்குக்கு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

திங்கட்கிழமை அண்டா ஆட்டோவில் ஏறி வந்தது. பெரியது, கனமான அடி, இரண்டு கைபிடி. மூடி மட்டும் இல்லை. அது எப்போதோ தொலைந்துவிட்டதாம். அண்டா எங்கிருந்து வந்தது, அதில் என்ன காய்ச்சினார்கள் என்பதை அம்மாமாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

முதல் கொதி வரும் நேரத்தில் கோயில் தலைவர் எதையோ தலையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். பார்த்தால், கோயில் அண்டாவின் மூடி! மூடி இல்லாத செய்தி அம்மாமார் வழியாக அவருக்கு எட்டியிருக்கிறது.

"அண்டாவத்தானேங்க நேந்து விட்டோம். மூடிய யாரும் நேரலையே!"

சபையாரே, அன்று நான் சிரித்த சிரிப்பில் கஞ்சியைக் கிண்ட மறந்துவிட்டேன். அந்த வாரத்திலேயே கவிதாவும் திரும்பி வந்து இரண்டு கோப்பை குடித்தாள்.

நோன்பு மாதம் வந்தபோது அண்டாவுக்கு இரண்டு வேலையாயிற்று. காலையில் எங்களிடம், மாலையில் பள்ளிவாசலில். நாங்கள் கீழே அனுப்பும்போது எங்கள் லயத்து வீட்டுத் தோட்டங்களில் பறித்த மல்லித்தழையும் புதினாவும் அதற்குள் போகும். மேலே வரும்போது பிள்ளைகளின் இடைவேளைக்குப் பேரீச்சம்பழம் வரும். ஒருநாளும் அது வெறுமையாக வந்ததில்லை.

இப்போதும் நான் ஆண்டவரிடம் வேண்டியதைக் கேட்கிறேன். எந்த வளைவால் வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. உங்கள் ஊரிலும் காலையில் பசியோடு நடந்து வரும் பிள்ளை இருந்தால், அவரை நம்பி அடுப்பை மூட்டுங்கள். அண்டாவை அவர் பார்த்துக்கொள்வார்.