புகைப்புரையில் காய்ந்த ஃபில்டர்

குலசேகரம் பக்கம், வீட்டோடு சேர்ந்த பட்டறையில் என் கணவர் ரப்பர் மரத்தில் கட்டில் செய்கிறார். மரத்தூள் பட்டால் அவருக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். அதனால் பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் ஃபில்டர் மாட்டி, காற்றைச் சுத்தம் செய்ய அவரே ஒரு மெஷின் செய்துகொண்டார்.

போன மழையில் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. புதியதற்கு நாகர்கோவிலில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மற்ற கடைகளில் அந்த அளவே இல்லை. பழையதைக் கழுவினோம், விடாத மழையில் அது காயவில்லை.

"ஏட்டி, புகைப்புரையில ஷீட்டு கூட தொங்கப்போடு. நாளைக்கு காஞ்சிரும்" என்றார். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் அந்த அறையில்தான் மழைக்காலத்தில் நாங்கள் கொப்பரையும் காயவைப்போம். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் அவர் அதை எடுத்து மாட்டி, சாரலுக்குப் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டதும், ஃபில்டரில் ஏறியிருந்த புகை நெடி பட்டறை முழுக்கப் பரவியது. கொஞ்ச நேரத்தில் அவரால் பேச முடியவில்லை. ஆட்டோவில் அவர் முதுகைத் தடவிக்கொண்டே போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபேன ஆஃப் பண்ணினியா?"

எங்களுக்குக் கட்டுப்படியான ஃபில்டர் இன்னும் கிடைக்கவில்லை. இப்போது வெயிலடித்தால் முற்றத்தில் வேலை. மழை பெய்தால் பட்டறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் மழைதான். அவர் சாவியைக் கேட்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.