சத்து மாத்திரை

லைட்ஹவுஸ் குப்பத்தில் தசரதனுக்கு ஒளிவுமறைவு தெரியாத ஆள் என்று பெயர். ஊர்க் கூட்டத்தில் யார் வலை யார் வலைமேல் விழுந்தது என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் மகள் அர்ச்சனாவின் மாத்திரைக்கு மட்டும் பொய்ப்பெயர் வைத்தான்.

மூன்றாம் வகுப்பில் அர்ச்சனா ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஜன்னலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்து தீர்ப்பாள். மீஞ்சூரில் குழந்தைகள் டாக்டர் பார்த்துவிட்டு, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் தசரதனுக்கு வெட்கம் வந்தது. ஊருக்குத் தெரிந்தால் பெண்ணுக்குப் பைத்தியம் என்று முடித்துவிடுவார்கள். ஆகவே கேட்டவர்களிடம், "படிப்புக்குச் சத்து மாத்திர" என்றான்.

மாத்திரை வேலை செய்தது, அதுதான் வினை. அர்ச்சனா உட்கார்ந்து எழுதுவதைப் பக்கத்து வீட்டு சகாதேவன் பார்த்தான். தசரதனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன்.

"மச்சான், நம்ம பையனுக்கும் கொஞ்சம் குடு. புஸ்தகத்தக் கண்டா அவனும் ஓட்றான்."

படகு கரையேறும்போது குழம்புக்கென்று நீளும் கையை அந்தக் கரையில் யாரும் தட்டிவிடுவதில்லை. மீனையே இல்லை என்று சொல்லாதவன் சத்து மாத்திரையை எப்படி இல்லை என்பான்? கொடுத்தான். மறுவாரமும் கொடுத்தான். குறைந்ததைச் சரிக்கட்ட, மகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாக்கினான். மனைவி கீதா, "வோணாம்யா" என்றாள்.

"அப்ப நீயே போய் சொல்லு, அது இன்னா மாத்திரனு."

அவளும் போகவில்லை.

அர்ச்சனா மறுபடி ஜன்னலுக்கு நடந்தாள். பள்ளிக்கூடத்துப் புகாரைக் கேட்ட டாக்டர், "டோஸ் பத்தல போல. கூட்டி எழுதறேன். தினமும் தர்றீங்க இல்ல?" என்றார்.

தசரதன் மகளைப் பார்த்தான். மாத்திரை போட்ட நாளில் மதியச் சோற்றை அளைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறவள். கூட்டினால் ராத்திரிச் சோறும் போய்விடும்.

"இல்ல டாக்டரம்மா. பாதி பக்கத்து வூட்டுப் பையனுக்குப் போவுது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. "இவளுக்குப் பழைய அளவே போதும், ஆனா தினமும். அந்தப் பையனுக்கு இன்னிக்கே நிறுத்தணும். என்ன மாத்திரைன்னு அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் அவனப் பாக்கணும், கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

சாயங்காலம் சகாதேவன் தன் வீட்டு வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜமுனா கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்து ஆட்களும் இருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி வா" என்றான் தசரதன்.

"இங்கயே சொல்லேன். ஊருக்கே கேக்கற மாதிரி பேசற ஆளாச்சே நீ."

சொன்னான். சகாதேவன் தைப்பதை நிறுத்தவில்லை.

"என் புள்ள சோறு எறங்காம, தூக்கம் இல்லாம கெடந்தான். திருஷ்டினு மொளகா சுத்திப் போட்டோம். நீயும் நின்னு பாத்துக்கினுதான இருந்த?"

"ஆமா" என்றான் தசரதன்.

ஜமுனா எழுந்து உள்ளே போனாள். மிச்சமிருந்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாண்ணா. அர்ச்சனாவுக்குக் கொறையப் போவுது."

வாங்கிக்கொண்டான். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், எல்லோரும் பார்க்கக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.