அக்காவுக்குக் கேட்காமல் போன விளையாட்டு

நாகர்கோவிலில் ஒரு செருப்புக் கடையின் மாடியில், கல்லூரி நண்பனும் நானும் பார்வையற்றவர்களுக்கென்றே விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தோம். போன் திரை வெறும் கறுப்பாக இருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை வைத்தே பேய்வீட்டிலிருந்து தப்ப வேண்டும்.

அதைச் சோதித்துப் பார்க்க மண்டைக்காட்டிலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறி வருவார். பிறவியிலேயே பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை. சோதனை என்று பெயர்தான். உண்மையில் சொல்லித் தந்தது அவர்தான்.

"செவரு பக்கத்துல வந்தா சத்தம் கனக்கும் மக்கா. ஒங்க பேய்வீட்டுல செவரே இல்லியே?"

அவர் சொன்னபடி எல்லாவற்றையும் மாற்றினோம். விளையாட்டு ஓடியது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பார்வை உள்ளவர்கள். கண்ணை மூடிக்கொண்டு பயப்படுவது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் எங்களோடு கூட்டுச் சேர்ந்தது. படம் வேண்டும், வழிகாட்டும் சத்தங்கள் வேண்டாம், இசை போதும் என்றார்கள். நண்பன் தயங்கினான். நான்தான் சம்மதிக்க வைத்தேன். வாங்கியவர்களின் போன்களில் பழையது இருந்த இடத்தில் தானாகவே புதியது ஏறியது. அது பத்து மடங்கு ஓடியது.

ஒரு வாரத்தில் அக்கா கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல்லியே மக்கா. காலடிச் சத்தத்தையெல்லாம் எங்க கொண்டு போட்டிய?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஒங்க போன் பழசு அக்கா. மாத்திப் பாருங்க" என்றேன்.

அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் புது போன் வாங்கினார். மறுபடி கூப்பிட்டார். ஹெட்போனை மாற்றச் சொன்னேன். அதையும் மாற்றினார். அதன் பிறகு அவருடைய அழைப்புகளை நான் எடுக்கவில்லை.

ஒருநாள் எங்கள் புது அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வாசலில் இருந்த பெண்ணிடம் போனை நீட்டி, விளையாடிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்று தெரியாது.

"இது கண்ணு தெரியுறவங்களுக்கு உள்ள கேம் அக்கா."

நான் அப்போதுதான் வெளியே வந்தேன். செருப்புச் சத்தத்திலேயே என்னைக் கண்டுகொண்டார்.

"நீ அறிஞ்சுதான் போனை மாத்தச் சொன்னியா?"

"ஆமா அக்கா."

அவர் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடமிருந்து போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பழசையாவது என் போன்ல ஏத்தித் தருவியா?" என்றார்.

"கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்."

பழையது என் கணினியிலேயே இருந்தது. ஐந்து நிமிட வேலை. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதைக் கொடுத்துவிட்டால் அவர் மறுபடி வருவார், பேசுவார், நான் முகம் கொடுக்க வேண்டும். கணினி மாற்றியபோது அதை அழித்துவிட்டேன்.

அவர் பிறகு கூப்பிடவே இல்லை.